எல்லோரும் 'லாவ்ஷி' என்று அழைத்தவர்

வேலையில் சேர்ந்த முதல் நாள், மதியம் பன்னிரண்டரை மணிக்கு அலுவலகத்தில் விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எழுந்து நின்றேன். சுற்றிலும் முப்பது நாற்பது பேர் மேஜைமேல் சின்னத் தலையணைகளை வைத்து முகம் புதைத்துப் படுத்திருந்தார்கள். எதிர் மேஜையிலிருந்த அமெரிக்கர் மட்டும் தலையைத் தூக்கி, "ஒன்றரைக்கு விளக்கைப் போடுவார்கள். நீயும் தூங்கு, இங்கே இதுதான் வழக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். மேஜை டிராயரிலிருந்து இன்னொரு தலையணையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

ஊர் தைவானின் ஷின்ச்சூ. வருடம் 2014. ஓயாத காற்றுக்கும் அந்தக் காற்றில் உலர்த்தும் அரிசிச் சேமியாவுக்கும் பேர்போன ஊர் அது. 1980-இல் அரசு அங்கே அறிவியல் தொழிற்பூங்காவைத் தொடங்கிய பிறகு சிப் தயாரிப்புக்கும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. நான் சேர்ந்தது சிப் ஆலைகளுக்கு ரசாயனம் கொண்டுபோகும் குழாய்களையும் அலமாரிகளையும் செய்துதரும் ஒரு சிறிய நிறுவனத்தில். அவற்றுக்கான கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. நான் எழுதியதைத் திருத்துவது அந்த அமெரிக்கரின் வேலை. ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1997-இல், ஒரே ஒரு வருடம் டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று வந்தவர். நான் பார்க்கும்போது பதினேழு வருடம் ஆகியிருந்தது.

'லாவ்ஷி' என்றால் அந்த ஊர் மொழியில் ஆசிரியர். பாடம் நடத்துவதை விட்டு எத்தனையோ வருடமாகியும் முதலாளியிலிருந்து வாசல் காவலர் வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். அந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிரவும் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் குழாய்களைப் பொருத்தும் பிரிவில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஊர் வழக்கில் இருந்த சொல் 'வாய்லாவ்', அதாவது வெளிநாட்டுக் கூலி. என்னைப் பொறியாளர் என்பார்கள். நாங்கள் எல்லோரும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள்தான். இதை முதலில் என்னிடம் வாய்விட்டுச் சொன்னவரே அவர்தான். "நான் படித்தது வரலாறு. விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே என்னை ஆசிரியர் என்றார்கள். என் முகத்தைப் பார்த்துக் கொடுத்த மரியாதை அது. சும்மா வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் 2015 கோடையில்தான் எனக்குப் புரிந்தது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் செலுத்தும் அலமாரி ஒன்றுக்குக் கையேடு தயாரித்துக்கொண்டிருந்தோம். வடிவமைத்த பொறியாளர் மிகவும் பணிவானவர்; சீனத்தில் எழுதிக்கொடுத்ததும் பணிவாகவே இருந்தது. நானும் அப்படியே மொழிபெயர்த்தேன்: "அமிலம் தோலில் பட்டால் தண்ணீரால் கழுவுவது நல்லது. கால்சியம் குளுகோனேட் களிம்பு பூசலாம்." இலக்கணத்தில் ஒரு பிழையும் கிடையாது. லாவ்ஷி அதைப் படித்தார். ஒன்றும் திருத்தவில்லை. தாளை எடுத்துக்கொண்டு, "வா, கீழே போகலாம்" என்றார்.

கீழே வால்வு பொருத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தாளைக் கொடுத்தார். முப்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தார். அப்புறம் கேட்டார்: "லாவ்ஷி, கழுவுவது நல்லது என்றால், ஷிஃப்ட் முடிந்து கழுவினாலும் போதும்தானே?"

எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அமிலத்தின் கொடுமையே அதுதான். நீர்த்த நிலையில் பட்டால் முதலில் வலி தெரியாது. தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே உள்ளே இறங்கும். உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், எலும்பு வரைக்கும் போகும். வலி வரும்போது மணிக்கணக்காகியிருக்கும். அதிகம் பட்டால் இதயத்துக்கே ஆபத்து. ஷிஃப்ட் முடியும் வரை காத்திருக்கும் விஷயமா அது? நான் எழுதிய வாக்கியம் அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்லியிருக்கும்.

லாவ்ஷி அங்கேயே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து எழுதினார். "அமிலம் பட்டதா? வேலையை நிறுத்து. உடனே தண்ணீரைத் திறந்து கழுவு. களிம்பைப் பூசு. வலிக்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போ." மறுபடி அந்தப் பெண்ணிடம் காட்டினார். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் மேலே வந்தோம்.

அதோடு விடவில்லை. எச்சரிக்கைப் பக்கம் பிலிப்பைன்ஸ்காரர்களின் தகலோக் மொழியிலும் அச்சாக வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டார். வாங்குகிறவர்களுக்கு ஆங்கிலமும் சீனமும் போதும் என்று பதில் வந்தது. "படிக்கிறவருக்கு வேண்டாமா?" என்று கேட்டார். மூன்று வாரம், ஒவ்வொரு கூட்டத்திலும், குரலை உயர்த்தாமல், அதே கேள்வி. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெண்ணே மொழிபெயர்த்தார். அந்த நேரத்துக்கு ஓவர்டைம் போடும்படி லாவ்ஷி எழுதிக் கையெழுத்து வாங்கினார். இதே கேள்வியை நான் கேட்டிருந்தால் இரண்டாவது கூட்டத்தில் என்னை உட்காரச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் கூட்டத்தில் நாற்காலியே கிடையாது. லாவ்ஷி கேட்டதால் காது கொடுத்தார்கள். தனக்குச் சும்மா வந்த அந்தச் சொல்லை அவர் இப்படித்தான் செலவழித்தார்.

வேலைக்கு வெளியேயும் அவரிடம் நான் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. நான் சைவம். முதல் வாரம் பிஸ்கட்டில் ஓடியது. பன்றி இறைச்சி இல்லாத மதியச் சாப்பாட்டுப் பெட்டி அலுவலகத்துக்கு வராது. அதைக் கவனித்துவிட்டு, ஒரு மதியம் இரண்டு தெரு தள்ளி ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். பலகையில் ஸ்வஸ்திகை போட்டிருந்தது. "இந்தக் குறியைப் பார்த்தால் பயப்படாமல் உள்ளே போ. பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடை" என்றார். நாற்பது வகைக் கறி வரிசையாக இருக்கும். வேண்டியதை எடுத்து வைத்தால் எடை போட்டுக் காசு வாங்குவார்கள். அந்தக் கடைக்கார அம்மா ஒவ்வொரு நாளும் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் வரவேற்பார், சாப்பிட வந்தவரிடமே. திருநெல்வேலியில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதி ஊர் வந்த மாதிரி இருக்கும்.

பில்களைத் தூக்கிப் போடாதே என்றும் சொல்லிக்கொடுத்தார். தைவானில் பெரும்பாலான கடை ரசீதுகளில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். ஒற்றைப்படை மாதங்களில் 25-ஆம் தேதி அரசு குலுக்கல் நடத்தும். பெரிய பரிசு ஒரு கோடி தைவான் டாலர். கடைசி மூன்று இலக்கம் பொருந்தினால் 200. கடைக்காரர் வரி கட்டாமல் தப்பிக்கக் கூடாது என்று 1951-இல் கொண்டுவந்த ஏற்பாடு. லாவ்ஷி ரசீதுகளை ஒரு பழைய தேயிலை டப்பாவில் போட்டு வைப்பார். குலுக்கல் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவர் வீடு நாலு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கிடையாது. கீழ் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அந்த ஊரில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. சாயங்காலம் மஞ்சள் லாரி பீத்தோவனின் இசையைப் போட்டுக்கொண்டு வரும். அவரவர் பையை அவரவரே எடுத்துப்போய்ப் போட வேண்டும். இசை கேட்டதும் லாவ்ஷி மூன்று படிக்கட்டும் இறங்கி முதலில் பாட்டியின் பையை எடுப்பார், பிறகுதான் தன்னுடையது. பாட்டி அவரை 'ஆதோகா' என்பார். கூர்மூக்குக்காரன் என்று அர்த்தம். அதை அவர் வாயால் கேட்டால் பேரனைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

அந்தப் பாட்டிதான் அவர் தங்கிவிட்டதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. 1999 செப்டம்பர் 21, அதிகாலை 1.47. நடுத் தைவானில் மையம் கொண்ட பெரிய நிலநடுக்கம். தீவு முழுக்கச் சேர்த்து 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஷின்ச்சூவில் ஆட்டமும் இருட்டும். இருட்டில் பாட்டி ஒவ்வொரு மாடியாக ஏறி எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறார். லாவ்ஷி வெறுங்காலுடன் ஓடிவந்தார். தெருவில் கண்ணாடிச் சில்லு. பாட்டி தன் வீட்டுக்காரரின் செருப்பைக் கழற்றச் சொல்லி இவருக்குக் கொடுத்தார். அன்றிரவு பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரோடும் படுத்தார். அந்த மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர், போகவில்லை. "செருப்பைத் திருப்பிக் கொடுக்கவே ஒரு வாரம் ஆனது. அதற்குள் தண்ணீர் சுமக்கும் வரிசையில் என்னையும் நிறுத்திவிட்டார்கள்" என்று சொன்னார்.

பயணம் என்றால் அவருக்கு மெதுவாகப் போகும் ரயில்தான். தைபேயிலிருந்து தெற்கே கவ்சியுங் வரை அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும், 2007-இல் வந்தது. அவசரம் இருந்தாலொழிய அதில் ஏற மாட்டார். ஆரம்ப வருடங்களில் விசாவுக்காக ஹாங்காங் போய்ப் போய் வந்ததில் விமானமே அலுத்துவிட்டது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நேய்வான் கிளைப் பாதையில் போவோம். சுண்ணாம்புக்கல்லும் மரமும் நிலக்கரியும் இறக்குவதற்காக மலைக்குள் போட்ட பாதை. 1951-இல் கடைசி நிலையம் வரை முடிந்தது. ஆற்றோரமாகவே ரயில் ஏறும். கடைசி நிலையத்தில் ஹக்கா இன மக்கள் காட்டு இஞ்சியின் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் விற்பார்கள். இலையைப் பிரித்ததும் வரும் வாசனைக்காகவே போகலாம். எனக்காகக் காளான் வைத்த பொட்டலம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார். ஒரே இடத்துக்கு இருபது தடவை போவதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு. பதினைந்தாவது தடவை கடைக்காரர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

காலை எட்டு மணிக்கு, வேலை தொடங்கும் முன், படிக்கட்டில் நின்று அம்மாவுடன் போனில் பேசுவார். ஓஹையோவில் அது முந்தின நாள் இரவு. கோடையில் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. எனக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது இரண்டரை மணி நேரம்தான். அதுவே பெரிய தூரம் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். 2017 பிப்ரவரியில் ஒரு நாள் அழைப்பு அங்கிருந்து வந்தது, அக்காவிடமிருந்து. அன்று இரவே புறப்பட்டார். மேற்குக் கரை வரை பதினோரு பன்னிரண்டு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு விமானம், அப்புறம் பனியில் கார். தேதிக் கோட்டைத் தாண்டுவதால் கிளம்பிய அதே தேதியில்தான் மேற்குக் கரையில் போய் இறங்கினார். ஆனாலும் அம்மா காத்திருக்கவில்லை.

திரும்பி வந்த அன்று அவர் மேஜைமேல் வெள்ளை உறைகள் அடுக்கியிருந்தன. அங்கே துக்கத்துக்குப் பணம் வைப்பது வெள்ளை உறையில். தொகை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குச் சிவப்பு உறை, இரட்டைப்படை. மொய்யில் ஒரு ரூபாய் கூட வைத்து 101 என்று எழுதிப் பழகிய எனக்கு இது நேர் எதிர். பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நூறு டாலர் நோட்டு பதினொன்றை வைத்தேன். கீழ்த்தளத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே உறை வைத்திருந்தார்கள். மேலே தகலோக்கில் ஒரு வரி. லாவ்ஷி அந்த உறையைக் கையில் எடுத்து உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்தார்கள். அன்று அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் அவர் இரண்டு நாட்டுக்கும் வரிக் கணக்கு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தைவானின் நிரந்தர வசிப்பு அட்டை அவரிடம் இருந்தது; குடியுரிமை வேண்டுமென்றால் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டும். அம்மா இருக்கும்வரை அதைப் பற்றி யோசிக்கவே மாட்டேன் என்பார். அம்மா போன பிறகு நான் கேட்கவில்லை. அந்த அட்டை கூடக் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு அன்று கிடையாது. எங்களைப் போன்றவர்கள் ஐந்து வருடம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவர்கள் பத்து வருடம் உழைத்தாலும் அந்தக் கணக்கில் சேராது. இது அநியாயம் என்று அவர் சொல்லாத வருடமே இல்லை, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2018 செப்டம்பர் முதல் வாரத்தில் நான் வேலையை விட்டுக் கிளம்பினேன். அந்த மாதக் குலுக்கலுக்கு இன்னும் நாளிருந்தது. ஜூலை, ஆகஸ்ட் ரசீதுகள் ஒரு கட்டு என்னிடம் இருந்தன; அவர் டப்பாவிலேயே போட்டுவிட்டு வந்தேன். அக்டோபரில் ஒரு படம் அனுப்பினார். நேய்வான் ரயிலின் ஜன்னலோரம், இரண்டு இலைப் பொட்டலங்கள், ஒன்று பிரித்தது. கீழே எழுதியிருந்தார்: "உன் ரசீது ஒன்றுக்கு 200 விழுந்தது. காளான் வைத்தது உனக்கு. ஆறிவிடும் போலிருக்கிறது, நானே சாப்பிடுகிறேன்."