டுப்ரோவ்னிக் நாட்குறிப்பு: மதிலை எந்தப் பக்கம் ஏறுவது

மே 9

கிளம்பும் முன் விசாவைப் பார்த்துவிட வேண்டும். குரோயேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் வட்டத்தில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்தில் இருக்கிறது. யூரோவும் அன்றைக்கே வந்துவிட்டது. குனா நாணயம் பற்றிப் பேசும் பயணக் குறிப்பு கண்ணில் பட்டால் அதை அங்கேயே மூடிவிடலாம். அதிலுள்ள எல்லைத் தகவலும் பழையதாகத்தான் இருக்கும்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. சிக்கல் அதற்கு அப்பால்தான். டுப்ரோவ்னிக் நாட்டின் தெற்கு வாலில் இருக்கிறது. நடுவே நேயும் என்ற ஊரில் போஸ்னியா சுமார் 9 கி.மீ. அகலத்தில் கடலைத் தொடுகிறது. 2022 ஜூலை வரை வடக்கே உள்ள ஸ்ப்ளிட் நகரிலிருந்து சாலை வழியே வருபவர்கள் எல்லையை இரண்டு முறை கடந்தார்கள். இப்போது 2,404 மீட்டர் நீளப் பெல்யெஷாட்ஸ் பாலம் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் எல்லா பஸ்ஸும் பாலத்தில்தான் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே "நேயும் வழியா, பாலம் வழியா" என்று கேட்டு வைக்க வேண்டும். சிங்கிள் என்ட்ரி விசா உள்ளவர் நேயும் பக்கம் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுவார். அதே விசாவில் திரும்பி நுழைய முடியாது. மாண்டநீக்ரோவின் கோட்டோருக்கு ஒரு நாள் போய் வரும் திட்டத்துக்கும் இதே கதைதான். அந்த ஆசை இருந்தால் விண்ணப்பத்திலேயே மல்டிபிள் என்ட்ரி கேட்டுவிடுங்கள்.

மே 10

விமான நிலையம் சிலிப்பியில், ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. ஏர்போர்ட் பஸ் பழைய ஊரைச் சுற்றிய மதிலின் மேற்கு வாசலான பீலேவில் இறக்கிவிடும். கப்பலிலோ வெளியூர் பஸ்ஸிலோ வந்தால் க்ரூஷ் துறைமுகத்தில் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து பீலேவுக்கு மூன்று கி.மீ., 1ஏ அல்லது 1பி பஸ். சீட்டைக் கியாஸ்க்கில் வாங்கினால் ஓட்டுநரிடம் வாங்குவதைவிட மலிவு.

மதிலுக்குள் அறை எடுப்பவர்கள் முகவரியை வைத்து ஒரு விஷயம் பார்க்க வேண்டும். ஸ்ட்ராடூன் என்ற பெரிய வீதிக்கு வடக்கே போகும் சந்துகள் எல்லாம் படிக்கட்டுகள். ப்ரியெகோ தெரு தாண்டியதும் செங்குத்தாக ஏறும். "ஸ்ட்ராடூனிலிருந்து 100 மீட்டர்" என்று விளம்பரத்தில் இருப்பது உண்மையாகவே இருக்கும். அந்த நூறு மீட்டரும் படியாக இருக்கும். உள்ளே வண்டி வராது, 20 கிலோ சூட்கேஸைக் கையில் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். முதியவர்கள் கூட வந்தால் தெற்குப் பாதியில், குண்டுலிச் சதுக்கத்தை ஒட்டித் தேடுங்கள். அல்லது மதிலுக்கு வெளியே லாபாட், க்ரூஷ் பகுதி. வாடகையும் குறைவு, பஸ்ஸும் அடிக்கடி உண்டு. வீட்டுக்காரர் பாஸ்போர்ட் கேட்டால் பதற வேண்டாம், தங்குபவரைப் பதிவு செய்வது அவர் கடமை.

மே 11

இன்று மதில். 1,940 மீட்டர் சுற்று, ஒருவழிப் பாதை, கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஏறும் இடங்கள் மூன்று: மேற்கே பீலே வாசலுக்கு உள்ளே இடப்பக்கம், கிழக்கே ப்ளோச்சே பக்கம், மதிலை ஒட்டிய பழைய துறைமுகத்தின் பக்கம் செயின்ட் ஜான் கோட்டை. பெரும்பாலோர் பீலேவில்தான் ஏறுகிறார்கள், பஸ் அங்கே நிற்பதால். கப்பல் பயணிகளும் காலை ஒன்பது, பத்து மணிக்கு அங்கேதான் வந்து இறங்குவார்கள்.

ப்ளோச்சே பக்கம் ஏறுவதே நல்லது. காரணம் கூட்டம் மட்டுமல்ல. பீலேவில் தொடங்கினால் முதலில் கடல் பக்கச் சுவர், சமதளம், கொண்டாட்டமாகப் போகும். தெற்கு நோக்கிய அந்தச் சுவரில் நிழல் கிடையாது; வெயிலில் அரைச் சுற்று போய்த் தளர்ந்த பிறகு வடகிழக்கு முனையிலிருந்து மின்ச்சேட்டா கோபுரத்துக்கு நீண்ட ஏற்றம் காத்திருக்கும். ப்ளோச்சேயில் தொடங்கினால் அந்த ஏற்றம் கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும், மீதியெல்லாம் இறக்கமும் சமதளமும். இந்த மாதத்தில் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். எட்டுக்கே நின்றால் பத்துக்குள் இறங்கலாம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும்.

ஒரு குறை உண்டு. காலையில் மின்ச்சேட்டாவிலிருந்து பார்த்தால் சூரியன் லோக்ரும் தீவின் பக்கம், கண்ணெதிரே நிற்கும். படம் வெளுத்துப் போகும். கேமராவுக்கு மாலைதான் சரி. மூடும் நேரத்தைப் பார்த்து இரண்டரை மணி நேரம் முன்னதாக ஏற வேண்டும்.

2025 சீசனில் மதில் சீட்டு பெரியவர்களுக்கு 40 யூரோ. அதே ஆண்டு ஒரு நாள் டுப்ரோவ்னிக் பாஸும் 40 யூரோதான். அதில் மதிலோடு ரெக்டர் (பழைய குடியரசின் தலைவர்) அரண்மனை, கடல்சார் அருங்காட்சியகம், 24 மணி நேர பஸ் பயணம் எல்லாம் அடக்கம். வெறும் மதில் சீட்டு வாங்குவதில் அர்த்தமில்லை. விலை ஆண்டுதோறும் மாறுகிறது, குளிர்காலத்தில் வெகுவாகக் குறையும். சீட்டை நடுவழியிலும் கேட்பார்கள், பத்திரம். இடையில் வெளியே இறங்கிவிட்டால் அதே சீட்டில் மறுபடி ஏற விட மாட்டார்கள். ஆகவே கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். மேலே பானக் கடை உண்டு, விலைதான் கடிக்கும்.

நடக்கும்போது சுவரின் கனத்தைக் கவனிக்க வேண்டும், பலர் கூரைகளைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். நிலத்தைப் பார்த்த பக்கம் 4 முதல் 6 மீட்டர். கடல் பக்கம் ஒன்றரை முதல் மூன்று. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்ததும் ரகூசாக் குடியரசு, அதாவது அன்றைய டுப்ரோவ்னிக், மலைப் பக்கத்தைத்தான் அவசரமாகக் கெட்டியாக்கியது. கட்டடக் கலைஞர்கள் மிக்கெலோட்ஸோ தொடங்க, யூராய் டால்மாட்டினாட்ஸ் தொடர, மின்ச்சேட்டா 1464இல் முடிந்தது. இத்தனை செய்தும் 1806இல் பிரெஞ்சுப் படை மதிலை உடைத்து வரவில்லை. கதவு திறக்கப்பட்டது, உள்ளே வந்தது. 1808இல் குடியரசையே கலைத்துவிட்டார்கள்.

கூரைகளில் இரண்டு நிறம் தெரியும். மங்கிய வைக்கோல் நிறம் பழைய ஓடு. பளிச்சென்ற ஆரஞ்சு, யூகோஸ்லாவிய ராணுவத்தின் 1991-92 முற்றுகைக்குப் பின் போட்டது. மதிலுக்குள் இருந்த 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டுக்கு மேல் குண்டு பட்டது. மிக மோசமான நாள் 1991 டிசம்பர் 6. எங்கெங்கே விழுந்தது என்ற வரைபடம் வாசல் பக்கம் வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு மேலே ஏறினால் ஆரஞ்சுத் திட்டுகள் தாமாகப் பேசும்.

மே 12

மழை. ஸ்ட்ராடூனின் சுண்ணாம்புக்கல் தளம் தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது, நனைந்தால் வழுக்கும். தோல் அடி வைத்த செருப்பு வேண்டாம், ரப்பர் அடி போதும். சந்துப் படிகளில் சுவரோரமாக இறங்குங்கள். நடுப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

மழை நாள் வீதியைப் பார்க்கவே ஏற்றது. 1667 ஏப்ரல் 6 நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், ஊர் இடிந்தது. மறுபடி கட்டும்போது ஸ்ட்ராடூன் முழுவதும் ஒரே உயரம், ஒரே அச்சு என்று அரசு வைத்தது. கடை வாசல்களைப் பாருங்கள்: கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள், ஜன்னல் பாதியின் அடிக்கட்டை முழங்கால் உயரத்தில். கடைக்காரர் உள்ளே நின்று அந்தக் கட்டையின் மேல் சரக்கை வைத்து விற்பார். நம் பெட்டிக்கடைப் பலகை போலத்தான். சமையலறையை மேல் மாடியில் வைத்தார்கள். தீப்பிடித்தால் கூரையோடு போகட்டும் என்று.

நிலநடுக்கத்தைத் தாண்டி நின்றது ஸ்போன்ஸா மாளிகை. 1667க்கு முந்தைய ஊர் எப்படி இருந்தது என்று அதன் முகப்பைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

பீலே வாசல் உள்ளே உள்ள பெரிய ஒனோஃப்ரியோ நீரூற்று 1438ஆம் ஆண்டினது. சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள ஷூமெட் ஊற்றிலிருந்து கால்வாய் கட்டி நீர் கொண்டுவந்தார்கள். பதினாறு முகங்களின் வாயிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மே 13

லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. மதிலுக்கு வெளியே, பீலேவின் மேற்கே 37 மீட்டர் பாறை மேல். மதில் சீட்டிலேயே நுழைவு உண்டு, மறந்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நிறைய.

கடலைப் பார்த்த சுவர் 12 மீட்டர் வரை கனம். ஊரைப் பார்த்த சுவர் 60 செ.மீ. இரண்டையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் தளபதிக்கு அதிகார ஆசை வந்தால் ஊர்ப் பீரங்கி அந்த மெல்லிய சுவரைத் தகர்த்துவிட வேண்டும்; அதற்காகவே அப்படிக் கட்டினார்கள். தளபதியையும் மாதம் ஒருமுறை மாற்றினார்கள். ரெக்டருக்கும் பதவிக்காலம் ஒரே மாதம். அந்த மாதம் முழுக்க அரண்மனையிலேயே அடைபட்டிருக்க வேண்டும், அரசு வேலைக்கு மட்டும் வெளியே வரலாம். இந்த ஊர் வெளிப்பகைக்கு அஞ்சியதைவிடத் தன் ஆட்களை நம்பாததுதான் அதிகம் என்று தோன்றுகிறது.

நுழைவாயிலின் மேல் லத்தீனில் ஒரு வாசகம்: உலகத்துப் பொன் அத்தனைக்கும் சுதந்திரத்தை விற்பது தகாது என்று. விற்கவில்லை, சரி. ஆனால் உஸ்மானிய சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 தங்க டுகாட் கப்பம் கட்டி அதை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

மே 14

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: பிளிட்வா என்ற கீரை, உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வேகவைத்தது, கிட்டத்தட்ட எல்லா உணவகத்திலும் உண்டு. மீனுக்குத் துணையாகத் தருவதைத் தனியே கேட்டு வாங்கலாம். கறுப்பு ரிசோட்டோ என்ற சோற்று உணவின் கறுப்பு, கணவாய் மை. காய்கறி சூப் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். பேக்கரியில் புரெக் என்ற பூரணம் வைத்த பேஸ்ட்ரி வாங்கும்போது "சிர்" என்றால் சீஸ், "மெசோ" என்றால் இறைச்சி. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. குண்டுலிச் சதுக்கச் சந்தையில் காலையில் பழம், காய்ந்த அத்தி கிடைக்கும். மதியத்துக்கு மேல் மேசைகள் உணவகத்தாருடையவை.

மே 15

காற்றைப் பார்த்து நாளை முடிவு செய்கிற ஊர் இது. தென்கிழக்கிலிருந்து வருவது யூகோ: புழுக்கம், மேகம், பெரிய அலை. அன்று லோக்ரும் படகு நின்றுபோகலாம். வடகிழக்கிலிருந்து வருவது பூரா: வறண்டது, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், ஆனால் திடீர் வீச்சு பலம், ஸ்ர்ஜ் மலைக்குப் போகும் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். அந்த மலை 412 மீட்டர். சிலுவைப்பாதை நிலையங்களை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் நடைபாதையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சரளைக்கல், நிழல் குறைவு, காலையில்தான் ஏற வேண்டும்.

கடலில் இறங்கத் தெற்கு மதிலில் ஓட்டையிட்டாற்போல் இருக்கும் பூஷா திறப்பு போதும். பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், ரப்பர் காலணியோடு இறங்குங்கள். மே மாதத்தில் நீர் நன்றாகவே குளிரும்.

மே 17

ஸ்டோன். டுப்ரோவ்னிக்குக்கு வடமேற்கே ஏறக்குறைய 55 கி.மீ., பஸ்கள் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. 1333இல் பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தை வாங்கியதும் ரகூசா இங்கே மதில் எழுப்பியது. இன்று நிற்பது சுமார் ஐந்தரை கி.மீ. காத்தது உப்பளங்களை, குடியரசின் பணப்பெட்டி அதுதான். பாத்திகள் இப்போதும் இயங்குகின்றன, கடல்நீரை வெயிலில் வற்றவைத்து அள்ளுவது கோடையில்.

1996 செப்டம்பர் நிலநடுக்கத்தில் இந்த மதில் நன்றாக அடிபட்டது. பிறகு சீரமைத்த பகுதி வழியே மலையேறி மறுபக்கம் மாலி ஸ்டோனுக்கு இறங்கலாம். படிகள் டுப்ரோவ்னிக்கைவிடச் செங்குத்து, கூட்டம் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஸ்டோன் பக்கம் ஏறி மாலி ஸ்டோனில் இறங்குங்கள்: சிப்பி வளர்க்கும் விரிகுடா அங்கே, சாப்பாட்டுக் கடைகளும் அங்கே. பஸ்ஸைப் பிடிக்க ஸ்டோனுக்குத் திரும்ப மலை ஏற வேண்டாம், சாலை வழியே ஒரு கி.மீ. நடந்தால் வந்துவிடலாம்.