மென்பொருளில் வயலின்கள் ஆர்மோனியம் போல ஒலிப்பது ஏன்?

கீபோர்டில் இரு கையாலும் பிடித்த கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களை) அப்படியே முதல் வயலின் ட்ராக்கில் பதிவதில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்குகிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் வரிசையில் ஏறக்குறைய 16 பேர். அந்த 16 பேரும் சேர்ந்து வாசித்த ஒரே சுரம்தான் சாம்பிளில் (மென்பொருள் ஒலிக்கவிடும் அசல் வாத்தியப் பதிவில்) இருக்கிறது. மூன்று சுரத்தை அழுத்தினால் 48 வயலின்! கார்டைப் பிரியுங்கள். மேல் சுரம் முதல் வயலினுக்கு, அடுத்தது இரண்டாம் வயலினுக்கு, பிறகு வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஐந்து ட்ராக். நகல் எடுத்து ஒட்டாமல் ஒவ்வொன்றையும் தனியாக வாசித்துப் பதியுங்கள். ஒவ்வொரு வரியும் தனியே பாடினாலும் மெட்டாக நிற்க வேண்டும்.

ஒவ்வொரு வாத்தியமும் இறங்கக்கூடிய கீழ் எல்லை, மிடி எண்ணில் (ஒவ்வொரு சுரத்துக்கும் மென்பொருள் தரும் எண்): வயலின் 55, வயோலா 48, செல்லோ 36. (நடு 'சி'யைச் சில மென்பொருள்கள் சி3 என்றும் சில சி4 என்றும் காட்டும். 60 என்ற எண் மட்டும் மாறாது.)

அடுத்தது மாட் வீல் (கீபோர்டில் உள்ள சிறு சக்கரம்), அதாவது சிசி 1 என்ற மிடி கட்டுப்பாடு. அதன் அளவு 0 முதல் 127 வரை. நீளமான சுரங்களுக்குப் பெரும்பாலான லைப்ரரிகளில் (சாம்பிள் தொகுப்புகளில்) வெலாசிட்டி, அதாவது விசையைத் தட்டும் வேகம், சத்தத்தை மாற்றாது. மென்மையாக வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்குக் கொண்டுபோவது சிசி 1தான். சத்தத்தோடு நாதமும் மாறும். சிசி 11 என்ற இன்னொரு கட்டுப்பாடு மாற்றுவது வெறும் சத்தம். அதை மட்டும் ஏற்றினால் ரேடியோவின் வால்யூமைத் திருகியது போலத்தான் இருக்கும். நான்கு தாள அடி நீளச் சுரத்தில் சிசி 1ஐ 45இல் தொடங்கி, மூன்றாம் அடியில் 75க்கு ஏற்றி, முடிவில் 55க்கு இறக்கிப் பாருங்கள். ஆடாமல் ஒரே அளவில் நிற்கும் சுரம்தான் ஆர்மோனியம். தனிப் புல்லாங்குழலில் மட்டும் கவனம்: இரண்டு பதிவுகள் கலக்கும் இடத்தில் நிறுத்தினால் இருவர் வாசிப்பது போலக் கேட்கும். அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுங்கள்.

ஸ்பிக்காட்டோ (வில்லைத் துள்ளவிட்டு வாசிப்பது) போன்ற குட்டைச் சுரங்களுக்கு வெலாசிட்டிதான் உயிர். முதல் அடி 95 என்றால் மற்றவை 65 முதல் 80க்குள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல்.

குவான்டைஸ் செய்தும் (சுரங்களைத் தாளக் கட்டத்தில் தானாக ஒட்டவைத்தும்) வயலின்கள் தாளத்துக்குப் பிந்துகின்றனவா? வில் கம்பியில் பிடித்து நாதம் எழவே நேரம் ஆகும். லெகாட்டோவில் (சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிப்பதில்) 100 மில்லிசெகண்டுக்கு மேலும் போகலாம். சுரங்களைக் கையால் இழுக்க வேண்டாம். முழு ட்ராக்கையும் முன்னோ பின்னோ நகர்த்தும் ட்ராக் டிலேயில் மைனஸ் 60 மில்லிசெகண்ட் கொடுத்து, மெட்ரோனோமோடு (தாளம் தட்டும் கருவியோடு) கேட்டபடியே, இன்னும் பிந்தினால் மைனஸ் அளவைக் கூட்டுங்கள். லெகாட்டோவும் ஸ்பிக்காட்டோவும் வெவ்வேறு அளவு பிந்துவதால் இரண்டுக்கும் தனித்தனி ட்ராக் வைத்துக்கொள்ளுங்கள்.