கண் இல்லாத புறா

நான் திருகோணமலையில் போர்ட் எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பாதி வேலை போய்விட்டது. ஆனாலும் கடற்கரைப் பக்கம் இன்னும் கூப்பிடுவார்கள். உப்புக்காற்றிலும் வெயிலிலும் ஃப்ளெக்ஸ் வெளுத்துக் கிழிந்துவிடும், எனமல் பெயின்ட் நிற்கும்.

நிலாவெளியில் புறாத்தீவுக்கு வள்ளம் ஓட்டும் தம்பி ஒருவர் போன வருடம் வந்தார். "அண்ணன், மூன்று பாஷையோட சீனத்திலயும் ஒரு வரி போட்டுத் தாங்க. இப்ப அவங்களும் வாறாங்க" என்றார். போனில் மூன்று எழுத்து காட்டினார். அதுதான் புறாத்தீவாம். எனக்கென்ன, பார்த்து வரைவதுதானே. சோக்கில் கட்டம் போட்டு, நீலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அழைப்பு. "அண்ணன், ஒரு சீனப் பொம்பிள போர்டைப் பார்த்துச் சிரிக்குது. ஒருக்கா வாங்க." போனேன். அந்தப் பெண் மணலில் குந்தியிருந்து விரலால் எழுதிக் காட்டினார். முதல் எழுத்தின் வலது பாதி ஒரு பறவை. அதற்குள்ளே ஒரு சின்னப் புள்ளி இருக்க வேண்டும், அதுதான் கண். இடம் நெருக்கமென்று நான் விட்டுவிட்டேன். கண் இல்லாவிட்டால் அது காகம்! காகத்தின் உடம்பே கறுப்பு, அதில் கண் தெரியாதாம், அதனால் போடுவதில்லையாம். ஆக நான் எழுதியது புறாவும் இல்லை, காகமும் இல்லை. அப்படி ஓர் எழுத்தே கிடையாது.

புள்ளி வைக்காமல் விட்ட பையன்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! 'கல்'லை 'கல' ஆக்கினால் விடுவேனா? சரி, நமக்கும் ஒரு சாட்டு உண்டு. ஏட்டில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பழைய ஆட்கள் புள்ளியையே விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள்.

அன்றிலிருந்து அந்த மூன்று எழுத்து என்னை விடவில்லை. சீன எழுத்தெல்லாம் படம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆரம்பம் படம்தான். ஆமை ஓட்டிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்பிலும் கத்தியால் கீறி, மழை வருமா, போருக்குப் போகலாமா என்று குறி கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 3200 வருடத்துக்கு முந்திய சங்கதி. 'டிராகன் எலும்பு' என்று மருந்துக்கு விற்றுக்கொண்டிருந்த அந்த எலும்புகளில் இருப்பது எழுத்து என்று 1899இல் வாங் யிரோங் என்ற அதிகாரி கண்டுகொண்டார். அதில் பறவைக்கு அலகும் இறகும் காலும் இருக்கும். சூரியன் வட்டம், நடுவில் ஒரு கீறல். ஆனால் எலும்பில் கத்தியால் வட்டம் கீறிப் பாருங்கள், மூலை விழும். சூரியன் அங்கேயே சதுரமாகத் தொடங்கிவிட்டது.

மிச்சத்தைச் செய்தது பிரஷ். கிமு 221இல் சின் அரசு நாட்டை ஒன்றாக்கியபோது லி சு என்ற அமைச்சர் எழுத்தையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவந்தார். அது வளைந்து வளைந்து அழகாக இருக்கும். ஆனால் கந்தோரில் கட்டுக்கட்டாக எழுதுகிற கிளாக்கருக்கு அழகுக்கு நேரம் ஏது? வளைவை உடைத்து நேர்கோடாக்கினார்கள். அந்த வகை எழுத்துக்குப் பெயரே கிளாக்கர் எழுத்து என்பதுபோலத்தான். குதிரையின் கால், மீனின் வால், பறவையின் பாதம், அடியில் எரியும் தீ, எல்லாமே நாலு புள்ளியாகிவிட்டன. எனக்கு இது நன்றாக விளங்கும். அவசர வேலையில் என் கையும் அதைத்தான் செய்யும். அப்புறம் 1956இல் எழுத்தைச் சுருக்கத் தொடங்கியபோது குதிரை, மீன், பறவையின் நாலு புள்ளியும் ஒரே கோடானது. தீ மட்டும் தப்பியது.

எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டை வாசலில் செதுக்கியிருக்கும் இரட்டைக் கயலைச் சின்னப்பிள்ளையும் மீன் என்று சொல்லும். இன்றைய சீன மீனைக் காட்டினால் நம் மீன்சந்தையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

என்னை உண்மையில் மடக்கியது வேறு. புறா எழுத்தில் வலப்பக்கம் பறவை, அது பொருளுக்கு. இடப்பக்கம் இருப்பது சத்தத்துக்கு மட்டும், அதன் பொருளுக்கும் புறாவுக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது எழுத்து தீவு. அதிலும் ஒரு பறவை, கீழே மலை. கடல் நடுவே பாறை, மேலே புறா, எங்கள் தீவைப் பார்த்தே வரைந்ததுபோல இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். பார்த்தால் அங்கே பறவை வந்திருப்பது சத்தத்துக்கு! பறவைக்கு 'நியாவ்', தீவுக்கு 'தாவ்', ஓசை ஒத்துப்போகிறது. மலைதான் பொருள். ஒரே பறவை ஓரிடத்தில் பொருளுக்கு நிற்கிறது, இன்னோரிடத்தில் சத்தத்துக்குக் கூலிக்குப் போகிறது. கிபி 100இல் சூ ஷென் என்பவர் 9353 எழுத்தைத் தொகுத்து அகராதி செய்தார். அதிலேயே பத்துக்கு எட்டுக்கு மேல் இப்படிச் சத்தமும் பொருளும் சேர்ந்தவைதான். நடு எழுத்து கை விரித்த குழந்தை. புறாக்குஞ்சாக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை, வெறும் விகுதியாம்.

மறுநாள் சின்ன டின்னும் மெல்லிய பிரஷுமாகப் போய்க் கண்ணை வைத்தேன். தம்பி காசு நீட்டினார், வாங்கவில்லை. பழைய நீலம் அதற்குள் மங்கியிருந்ததால் அந்தப் புள்ளி மட்டும் இப்போதும் தனியாகத் தெரிகிறது.