உப்புத் தண்ணீரில் ஈயம் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

போர்வெல் தண்ணீரை கிராஃபைட் ஃபர்னஸில் (மாதிரியைச் சின்னக் கிராஃபைட் குழாயில் சூடாக்கி, ஈய அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி) ஓட்டினால் ஈயம் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 10. உடனே 'பாஸ்' எழுதிவிடலாமா? தண்ணீர் உப்பாக இருந்தால் தயவுசெய்து எழுதாதீர்கள். முதலில் ஸ்பைக் போட்டு, அதாவது அளவு தெரிந்த ஈயத்தை மாதிரியில் சேர்த்து, அளந்து பாருங்கள். 5 மி.லி. மாதிரியில், லிட்டருக்கு 1 மி.கி. உள்ள ஈய ஸ்டாண்டர்டு 50 மைக்ரோலிட்டர் விட்டால் ரீடிங் 12 வாக்கில் வர வேண்டும். 8தான் வந்தால், போட்ட 10-இல் 6தான் தெரிகிறது, அதாவது ரெகவரி 60 சதவீதம். நாம் போட்ட ஈயமே முழுசாகத் தெரியவில்லை என்றால் அந்த 2-ஐ எப்படி நம்புவது?

காரணம் குளோரைடு. ஈயக் குளோரைடு 501 டிகிரியில் உருகி 950-இல் கொதிக்கும். ஆவியாவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆஷிங்கிலேயே (அளப்பதற்கு முன் மாதிரியின் மற்ற பொருட்களைச் சுட்டு நீக்கும் கட்டம்) ஒரு பங்கு, குழாயில் ஓடும் ஆர்கான் வாயுவோடு போய்விடுகிறது. மிச்சத்திலும் ஒரு பகுதி அட்டமைசேஷன் நேரத்தில் (ஈயத்தைத் தனி அணுக்களாக்கி அளக்கும் கட்டம்) குளோரினோடு மூலக்கூறாகவே நிற்கிறது. 283.3 நானோமீட்டர் ஒளியை உறிஞ்ச ஈயம் தனி அணுவாக இருந்தாக வேண்டும். 'பேக்கிரவுண்டு கரெக்‌ஷன் போட்டாச்சே' என்பார்கள். அது புகையும் மூலக்கூறுகளும் மறைக்கும் ஒளியைக் கழிக்கும். தொலைந்த அணுவை மீட்டுத் தராது.

ஈயம் முன்கூட்டியே ஆவியாகாமல் பிடித்துவைக்கச் சேர்க்கும் மாடிஃபையர்தான் வழி. அமோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.104 கிராம், இரண்டையும் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். 20 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு இதில் 5. ஈயம் பாஸ்பேட்டாகப் பிடிபடுவதால் ஆஷிங்கை 850 டிகிரி வரை ஏற்றலாம். பிளாட்ஃபார்ம் டியூப் (உள்ளே மாதிரி வைக்கச் சின்னத் தட்டு உள்ள கிராஃபைட் குழாய்) போட்டு, அட்டமைசேஷனில் ஆர்கானை நிறுத்தி, ரீடிங் வரைபடத்தில் எழும் பீக்கின் உயரத்தை விட்டுப் பரப்பை எடுங்கள். பாஸ்பேட் உப்பிலேயே ஈயம் இருக்கக்கூடும். மாடிஃபையர் சேர்த்த பிளாங்க் (மாதிரிக்குப் பதில் ஈயமில்லாத தண்ணீர்) ஓட்டாமல் தொடங்காதீர்கள்.

உப்பு மிக அதிகமென்றால் 5 சதவீத அமோனியம் நைட்ரேட்டும் 5 மைக்ரோலிட்டர் சேர்க்கலாம். சோடியம் குளோரைடு, அமோனியம் குளோரைடாகவும் சோடியம் நைட்ரேட்டாகவும் மாறும். முன்னது 350 டிகிரிக்குள் பறந்துவிடும், பின்னது 400-ஐ ஒட்டிச் சிதையும்.

ஆனால் இந்தக் கலவை உலரும்போது தெறிக்கும். 110-இலிருந்து 130-க்கு மெதுவாக ஏற்றுங்கள். பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை டியூப் துளைக்கு மேல் பிடித்துப் பார்த்தால் சொட்டு அமைதியாகச் சுருங்க வேண்டும். கொப்புளித்துச் சுவரில் ஒட்டினால் பீக் இரண்டாகப் பிளக்கும். அந்த ரீடிங்கை எடுக்கவே வேண்டாம்.