மேடைப் பெயருக்குப் பின்னால்: தேடல் நாட்குறிப்பு

ஜனவரி 8

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாடகக்காரர்களைத் தேடுகிறவர்களுக்கு முதல் வாசல் 'தி ஈரா' வார இதழ். 1838இல் லண்டனில் தொடங்கி 1939 வரை வெளிவந்தது. எந்தக் குழு எந்த ஊரில் முகாமிட்டிருக்கிறது, யார் வேலை தேடுகிறார்கள், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் காலமானார்கள் என்று எல்லாமே பொடி எழுத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். முன்வரிசை நடிகர்களைப் பற்றிய விமர்சனங்களை இப்போது நான் படிப்பதே இல்லை. அவர்களுக்கு வரலாறு எழுத ஆள் உண்டு. கோரஸில் கூட்டத்தோடு நின்று பாடியவர்களுக்கு, ஒரே காட்சியில் வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? விளம்பரப் பத்திகளில்தான் அவர்கள் கிடைக்கிறார்கள்.

ஜனவரி 11

பெயர்தான் பெரிய மதில். லண்டனின் சவாய் ஒப்பரா அரங்கில் பாடிய ரிச்சர்ட் டெம்பிளின் சொந்தப் பெயர் ரிச்சர்ட் பார்க்கர் காப். ரட்லண்ட் பேரிங்டன் பிறந்தபோது ஜார்ஜ் ரட்லண்ட் ஃபிளீட். லியோனோரா பிரஹாம் உண்மையில் லியோனோரா லூசி ஆபிரகாம். இவர்கள் புகழ் பெற்றவர்கள் என்பதால் யாரோ தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிறு நடிகர்களுக்கு மேடைப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு காகிதம் வேண்டும். 1858 முதல் அச்சிடப்பட்ட உயில் பட்டியல்களில் சில சமயம் இரண்டு பெயர்களும் இருக்கும். ஆனால் விட்டுச்செல்லச் சொத்தே இல்லாதவர் உயில் எழுதுவாரா? அதனால் நான் திருமணப் பதிவுகளுக்கே திரும்பத் திரும்பப் போகிறேன். 1837 ஜூலைக்குப் பிந்தைய பதிவுகளில் மணமக்கள் இருவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மேடையில் எந்தப் பெயரோடு உலவினாலும் அந்த இடத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஜனவரி 19

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841ஆம் ஆண்டுத் தாள்கள் அவ்வளவாக உதவுவதில்லை. பதினைந்துக்கு மேற்பட்ட வயதுகளைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். பிறந்த ஊரும் இருக்காது. 1851இலிருந்துதான் வெளிச்சம். அந்த ஆண்டு மார்ச் 30, ஞாயிறு இரவு யார் எந்தக் கூரையின் கீழ் தூங்கினார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நடிகர்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் ஊரின் வாடகை அறையில் அகப்படுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் பிறந்த ஊரைத்தான். மூத்தவன் பிரிஸ்டல், அடுத்தவள் ஹல், கைக்குழந்தை டப்ளின் என்று இருந்தால் பெற்றோர் சுற்றிய பாதை அப்படியே வந்துவிடும். அந்த ஊர்களை வைத்துக்கொண்டு 'தி ஈரா'வைத் திறந்தால் அவர்கள் இருந்த குழுவும் பல நேரம் தெரிந்துவிடும்.

நடிகைகளின் வயது பத்தாண்டுகளுக்குள் ஆறோ ஏழோ மட்டும் கூடியிருப்பதைப் பார்த்து நையாண்டி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. இளமை போனால் வேடம் போகும், வேடம் போனால் வாடகை தர வழியில்லை. அவர்கள் குறைத்துச் சொன்ன ஒவ்வொரு வயதும் பிழைப்புக்காகச் சொன்னது.

ஜனவரி 24

இன்று ஒன்றும் அகப்படவில்லை.

பிப்ரவரி 2

ஃபிரெட் சல்லிவன். இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனின் அண்ணன் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் பிறந்தது 1837 டிசம்பர் 25. தந்தை தாமஸ், சர்ரே அரங்கில் கிளாரினெட் வாசித்தவர். பிறகு சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பேண்ட் மாஸ்டர். ஃபிரெட் கட்டிட வரைபடத் தொழில் பயின்று, அதை விட்டு மேடைக்கு வந்தார். 1871இல் 'தெஸ்பிஸ்' நாடகத்தில் அப்போலோ. 1875 மார்ச் 25 அன்று ராயல்டி அரங்கில் ஆர்தர் இசையமைத்த 'ட்ரையல் பை ஜூரி' ஒப்பராவின் நீதிபதி. அவருடைய பெயரை நிலைநாட்டிய வேடம் அது.

1877 ஜனவரி 18 அன்று இறந்தார். வயது 39. அதே ஆண்டு நவம்பரில் ஆர்தரின் அடுத்த ஒப்பரா அரங்கேறியபோது நகைச்சுவை நாயகனாக நின்றவர் ஜார்ஜ் கிராஸ்மித். இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்திருந்தால் அந்த இடம் ஃபிரெட்டுக்கே கிடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழக்கமாகக் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஃபிரெட்டின் மனைவி சார்லட் என்ன ஆனார்? சிறு பிள்ளைகளோடு நின்ற அவர் 1881இல் மறுமணம் செய்துகொண்டார். 1883இல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. மூத்த மகன் ஹெர்பர்ட் மட்டும் சித்தப்பா ஆர்தரிடம் லண்டனில் தங்கினான். 1885 ஜனவரியில் சார்லட்டும் இறந்துவிட்டார். அந்த ஆண்டு ஆர்தர் அங்கே போய்ப் பிள்ளைகளைப் பார்த்து, யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார். லண்டன் மேடை வரலாற்றில் மட்டும் தேடினால் இந்தப் பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிப்ரவரி 9

அதனால் கடல் தாண்டித் தேடுவதை இனி ஒத்திப்போடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் 'ட்ரோவ்', நியூஸிலாந்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' ஆகிய இரண்டு இணையதளங்களிலும் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். இங்கிலாந்தில் திடீரென்று காணாமல் போகிற பெயர்களைக் கப்பல் வந்த செய்தியில் பார்த்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்று யாரோ எழுதிவைத்த பாடகி மெல்பர்னில் பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 15

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடும்பத்தார் தம் கைப்பட நிரப்பிய தாள்களே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மணமான பெண்களிடம் எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இருக்கின்றன, எத்தனை இறந்தன என்று அதில் கேட்டார்கள். விதவைகள் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள். பிறகு அதிகாரிகள் கோடு போட்டு அடித்தார்கள். கோட்டுக்குக் கீழே எண்கள் தெளிவாகவே தெரிகின்றன.

நான் பின்தொடரும் கோரஸ் பாடகியும் விதவைதான். இறந்துபோன குழந்தைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். அவர்களுடைய பிறப்பும் இறப்பும் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் நடந்திருப்பதால் வேறெந்தக் கணக்கெடுப்பிலும் அவர்களுக்குப் பெயர் இல்லை. குழு போன ஊர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரின் இறப்புப் பதிவையும் வரிசையாகப் பார்க்கப்போகிறேன். முதலில் ஹல்.