வியட்நாம் ஆங்கில ஆசிரியர் வேலை: என் பி.காம். சான்றிதழ் பட்ட பாடு

ஹோசிமின் நகரத்தில் ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பணி அனுமதி, அதாவது வொர்க் பர்மிட், கைக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் 2024இல் அதற்காக அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஊரிலிருந்து விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "பி.ஏ. இங்கிலீஷ் படிச்சிருந்தாத்தான் எடுப்பாங்களா?" என்பதுதான். நான் படித்தது பி.காம். என் பாடத்தைப் பற்றி இந்த நாட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் படுத்தியெடுத்தது அந்தச் சான்றிதழின் பின்னால் விழுந்த முத்திரையும், முன்னால் இருந்த ஒற்றை எழுத்து இனிஷியலும்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழி மையங்களில் கற்பிக்கும் வெளிநாட்டவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை வியட்நாம் கல்வி அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டு 21ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குக் கல்லூரிப் படிப்பும் மொழி கற்பித்தல் சான்றிதழும் போதும். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. எல்கேஜியிலிருந்தே ஆங்கில வழிதான் என்று சொன்னாலும் எடுபடாது. டிகிரி, கற்பித்தல் சான்றிதழ், கூடவே சி1 (ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஒரு மேல்நிலை) அளவுக்கான மொழித் தேர்ச்சிச் சான்று என்று மூன்றையும் என்னிடம் கேட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கினாலே சி1 தான், அது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. இதற்கு மேல், 'நிபுணர்' என்ற பிரிவில் பர்மிட் கேட்பதால் 3 ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட்டில் வந்த 219ஆம் எண் ஆணை அதை 2 ஆண்டாகக் குறைத்திருக்கிறது. இப்போது கிளம்புகிறவர்களுக்கு அந்த வகையில் நிம்மதி.

இனி அந்த டிகிரிக்கு வருகிறேன்.

கல்லூரி முடிந்ததும் நம் கையில் கொடுப்பது புரொவிஷனல் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும். ஊரில் தனியார் பள்ளி வேலைக்கு அதுவே தாராளம். வெளிநாட்டுக்கு அது செல்லாது. பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு தரும் நிரந்தரச் சான்றிதழ்தான் வேண்டும். அதை வாங்கிய பிறகு, "இது நாங்கள் கொடுத்ததுதான்" என்று பல்கலைக்கழகமே எழுதித் தரும் ஜெனுயின்னஸ் சான்றும் வேண்டும். அப்போதுதான் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை சான்றொப்பமிடும். அதன் பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியாக டெல்லி சாணக்கியபுரியில் உள்ள வியட்நாம் தூதரகம். 2024இல் இந்த வரிசையில் ஒரு படியைக்கூடத் தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்த எழுத்தர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் காலேஜ் வழியாத்தான்மா வரணும்" என்றார். கல்லூரிக்குப் போனால், "நாங்க தர்றதில்லம்மா, யுனிவர்சிட்டியிலதான் கேக்கணும்" என்றார்கள். திரும்பப் போய் அவரிடமே சொன்னேன். "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் வேறொரு பிரிவைக் காட்டினார். அங்கே இருந்த ஒரு அம்மாதான் மனிதராக நடந்துகொண்டார். இதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது, பணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டு வந்தால் போதும் என்று சொல்லி, தானே அச்சிட்டும் கொடுத்தார். அன்று மாலையே வேலை முடிந்தது. ஒரு விண்ணப்பத்தின் பெயரைச் சொல்ல அத்தனை வாரம் இழுத்தடித்த அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. வண்டிச் செலவு போட்டு, பள்ளியில் சம்பளம் பிடித்துக்கொள்ளும் விடுப்பில் வந்து நிற்பவர்களைப் பற்றி அவருக்கு என்ன கவலை! நீங்கள் போனால் முதல் மேசையில் இருப்பவர் சொல்வதோடு திரும்பிவிடாதீர்கள். "எந்த ஃபார்ம், எவ்வளவு ஃபீஸ், எந்த செக்‌ஷன்" என்று மூன்றையும் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அனுபவச் சான்றிதழிலும் இழுபறிதான். பள்ளித் தாளாளர் முதலில் தந்த கடிதத்தில் "எங்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார்" என்று ஒரே வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பாடம், முழுநேரமா என்ற விவரம் எதுவும் இல்லை. அப்படி ஒரு கடிதத்தால் பயனே இல்லை. நானே வாசகத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். அந்தக் கடிதமும் நோட்டரியில் தொடங்கித் தூதரகம் வரை தனியாக ஒரு பயணம் போக வேண்டும் என்பதால், ராஜினாமா செய்யும்போதே விவரமாக வாங்கிவிடுங்கள். வேலையை விட்ட பிறகு போய் நின்றால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் பணத்தையும் நாளையும் அதிகம் தின்றது. வெளியுறவு அமைச்சகத்தில் தனிநபர்கள் நேராகப் போய்த் தாளை நீட்ட முடியாது, அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் அவர்களுக்கு ஆள்பிடித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தேன். அமைச்சகம் இரண்டு வகையாகச் சான்றொப்பமிடுகிறது. தூதரக ஒப்பம் இல்லாமலே ஒருவர் ஆவணத்தை ஒருவர் ஏற்க வகைசெய்யும் ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஸ்டிக்கர், மற்ற நாடுகளுக்குச் சாதாரண முத்திரை. இந்தியா 2005இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. நான் விண்ணப்பித்த 2024இல் வியட்நாம் அதில் இல்லை. ஆகவே எனக்கு வேண்டியது சாதாரண முத்திரை, அதன்மேல் தூதரகத்தின் சட்டபூர்வ ஒப்பம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். வாட்ஸ்அப்பிலும் எழுதினேன்: "வியட்நாமுக்கு. அப்போஸ்டில் வேண்டாம். நார்மல் அட்டஸ்டேஷன்." அவர்களும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

சான்றிதழ் திரும்பி வந்தது. பின்பக்கம் பளபளவென்று அப்போஸ்டில் ஸ்டிக்கர்.

போன் செய்தால், "மேடம், அப்போஸ்டில்னா உலகம் பூரா செல்லும், கவலையே படாதீங்க" என்றார் அங்கிருந்தவர். செல்லாது என்று தூதரகத்தில் திருப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் மறுபடி செய்துதரப் புதிதாகப் பணம் கேட்டார்! என்னிடம் இருந்த வாட்ஸ்அப் செய்தியை அவருடைய முதலாளிக்கே அனுப்பினேன். ஒரு பைசா கூடுதலாக வாங்காமல் சாதாரண முத்திரை போட்டு, தூதரக ஒப்பமும் வாங்கித் தந்தார்கள். அந்த ஒரு வரிச் செய்தி இல்லையென்றால் அந்தச் செலவும் என் தலையில்தான் விழுந்திருக்கும். ஏஜென்சியிடம் எதைச் சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். இன்னொன்று, அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது 50 ரூபாய், சாதாரண முத்திரைக்குக் கட்டணமே கிடையாது. ஆயிரக்கணக்கில் போடும் பில்லைப் பார்த்து அரசாங்கக் கட்டணம் என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் போகும் நாடு இன்றைக்கு அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் அன்றே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாடுகள் புதிதாகச் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

இந்தத் தாமதத்தால் இன்னொரு அடியும் விழுந்தது. பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைச் சான்று, அதாவது பிசிசி, பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. "எல்லாத்தையும் ஒரே கவர்ல அனுப்பிடலாம்" என்று ஏஜென்சி சொன்னதால் டிகிரியோடு சேர்த்தே எடுத்திருந்தேன். டிகிரி ஊர் சுற்றி வருவதற்குள் பிசிசிக்கு வயதாகிவிட்டது. மறுபடி 500 ரூபாய், மறுபடி போலீஸ் ஸ்டேஷன், மறுபடி டெல்லி. டிகிரிக்குக் காலாவதி கிடையாது, எத்தனை மாதம் ஆனாலும் அது டிகிரிதான். அதனால் டிகிரி, அனுபவக் கடிதம் இரண்டையும் முதலில் முழுசாக முடியுங்கள். அவை தூதரக முத்திரையோடு கைக்கு வந்த பிறகு பிசிசிக்கு விண்ணப்பியுங்கள். இந்த வரிசையை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், மின்விசா, எல்லாம் சுலபமாக முடிந்தது.

இங்கே வந்ததும் கற்பித்தல் சான்றிதழ் கண்ணைத் திறந்தது. பிரிட்டனில் உள்ள ஒரு நிறுவனத்தின் 120 மணிநேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) படிப்பை ஆன்லைனில் முடித்திருந்தேன். வியட்நாம் உட்பட எல்லா நாட்டிலும் செல்லும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சான்றிதழ் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் எந்த நாட்டில் கொடுத்தார்களோ அந்த நாட்டிலேயே அதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். திருநெல்வேலியில் உட்கார்ந்து படித்திருந்தாலும் தாள் பிரிட்டனுடையது. அங்கே ஒரு வழக்கறிஞர், அங்குள்ள வெளியுறவு அலுவலகம், லண்டனில் உள்ள வியட்நாம் தூதரகம் என்று போய்வர வேண்டும். அதற்கான செலவு படிப்புக்குக் கட்டியதைத் தாண்டியது. பணம் வாங்கும்போது அந்த நிறுவனம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மின்விசாவில் 90 நாள் இருந்ததால், இங்கேயே ஒரு வியட்நாமிய நிறுவனத்தில் கற்பித்தல் படிப்பை நேரடி வகுப்பில் முடித்தேன். உள்ளூர்ச் சான்றிதழ் என்பதால் எந்த ஒப்பமும் தேவைப்படவில்லை. உண்மையான பிள்ளைகள் முன்னால் நின்று வகுப்பெடுக்கவும் கற்றுக்கொண்டேன், ஆன்லைன் படிப்பில் அது கிடைக்கவே இல்லை.

எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நினைத்தபோது இனிஷியல் வந்து நின்றது. டிகிரியில் என் பெயர் 'கவிதா ஆர்'. பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் ராஜேந்திரன். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். குடும்பப் பெயரை முதலில் எழுதும் ஊர் இது. ஒற்றை எழுத்துக்குள் அப்பா இருக்கிறார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தை மின்னஞ்சலில் கேட்டேன். இனிஷியலை விரித்து எழுதித் தர வழியில்லை, கெசட்டில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இங்கிருந்துகொண்டு கெசட்டா? அன்றிரவு தூக்கமே இல்லை.

வழி காட்டியவர் எங்கள் மையத்தின் அலுவலகப் பெண். இதற்கு முன் வந்த ஒரு கேரளத்து ஆசிரியருக்கும் இதே சிக்கலாம். அவர் சொன்னபடி இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட், டிகிரி, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் காட்டி, இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று சான்று வாங்கினேன். அதற்கு இந்த நகரத்தின் வெளிவிவகாரத் துறையிலேயே ஒப்பமும் கிடைத்துவிட்டது. டெல்லிக்கு எதையும் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. அந்தத் தாள் கைக்கு வந்த நாளில் அந்த அலுவலகப் பெண்ணை வற்புறுத்தி மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். நம் ஊர்ப் பெயரோடு கிளம்புகிற எல்லோரும் பாஸ்போர்ட்டையும் டிகிரியையும் இன்றே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் இருந்தால், ஊரிலேயே நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அதையும் டிகிரியோடு தூதரகம் வரை அனுப்பிவிடுவது நல்லது.

மருத்துவப் பரிசோதனை, வியட்நாமிய மொழிபெயர்ப்பு, அதற்கு நோட்டரி எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. பர்மிட் வந்தது. மின்விசாவில் வந்தவர்கள் பர்மிட் இருந்தால் நாட்டை விட்டு வெளியே போகாமலே வேலை விசாவுக்கு மாறலாம் என்று 2020 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. அப்படியே மாறி, தற்காலிகக் குடியிருப்பு அட்டையும் வாங்கிவிட்டேன்.

"பர்மிட் எதுக்கு, டூரிஸ்ட் விசாவிலேயே கிளாஸ் எடுக்கலாம்" என்று சொல்லும் தரகர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 2022ஆம் ஆண்டின் 12ஆம் எண் ஆணைப்படி 15 முதல் 25 மில்லியன் டாங் (வியட்நாம் நாணயம்) வரை அபராதம், அதோடு நாடுகடத்தல். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. சேர்ந்த முதல் வாரத்தில் என் மையம் அசல் டிகிரியை "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கேட்டது. இவ்வளவு பாடுபட்டு முத்திரை வாங்கிய தாளை யாரிடமும் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. பர்மிட்டுக்கு நோட்டரி சான்றளித்த நகலே போதும் என்று சொல்லி, அவர்கள் ஆளோடு நானும் நோட்டரி அலுவலகத்துக்குப் போய், நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அசலைக் கையோடு வாங்கி வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.