அட்டைப்பெட்டியில் வந்த அலமாரி: கூடு முடிந்தது, கதவு பாக்கி

புத்தக அலமாரியின் கூடு எழுந்து நின்றுவிட்டது. பின்பலகையும் அடித்தாயிற்று. கதவுகள் இரண்டும் இன்னும் சுவரில் சாய்ந்தபடியே இருக்கின்றன.

1956-இல் ஸ்வீடன் மரச்சாமான் நிறுவனமான ஐக்கியாவின் யில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றியதாகச் சொல்வார்கள். சாமானைப் பிரித்துத் தட்டையான பெட்டியில் விற்கும் யோசனை அங்கே அப்படித்தான் பிறந்ததாம். எங்கள் குறுகிய மாடிப்படியில் தட்டையான பெட்டியைத் திருப்பி ஏற்றியபோது அந்த மனிதரை வாழ்த்தினேன்.

என்னுடையது வேறு நிறுவனத்துச் சரக்கு. கையேட்டில் ஒரு வரி எழுத்து இல்லை, எல்லாம் கோட்டுப்படம். படத்தின் நடுவில் பார்க்க ஒன்றுமில்லை, விஷயமெல்லாம் ஓரத்தில்தான். பக்கப் பலகைகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன. ஆனால் முன்விளிம்பில் மட்டும் பட்டை ஒட்டியிருக்கிறது; பின்விளிம்பில் மரத்தூள் தெரிகிறது. படத்தில் அந்தப் பட்டையைச் சாம்பல் நிறமாகக் காட்டியிருக்கிறார்கள். அது கண்ணில் பட்டதும் இடமும் வலமும் பிரிந்துவிட்டன.

அடுத்தது மினிஃபிக்ஸ், அதாவது இரு பலகைகளை இறுக்கிப் பிணைக்கும் ஆணியும் பூட்டும். பக்கப் பலகையில் எஃகு ஆணி, தட்டில் 15 மி.மீ. குழி, குழிக்குள் வட்டமான ஒரு பூட்டு. பூட்டின் முகத்தில் உள்ள அம்புக்குறி பலகையின் விளிம்பைப் பார்க்க வேண்டும்; அப்போதுதான் ஆணியின் தலை உள்ளே நுழையும். பிறகு அரைச் சுற்று. உள்ளே இருக்கும் பள்ளம் நடுமையத்திலிருந்து விலகி வளைவதால், திருகத் திருக ஆணியைத் தன் பக்கம் இழுக்கிறது. இரு பலகைகளுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளி மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். கை இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். துகள் பலகை உதிர்ந்துவிட்டால் அந்தத் துளை மறுபடி பிடிக்காது. இதனால்தான் டிரில்லை ஓரமாக வைத்துவிட்டு, சாதாரண ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன்.

பின்பலகை வெறும் 3 மி.மீ. ஹார்ட்போர்டு. தூசி வராமல் இருக்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். கூடு கோணாமல் நிற்பதே அதனால்தான். ஆணி அடிக்கும் முன் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். ஒரு குறுக்களவு 6 மி.மீ. கூடுதலாக இருந்தது. அந்த இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்திச் சமப்படுத்திய பிறகே சுத்தியலை எடுத்தேன். கையேட்டில் இந்தப் படி இல்லை. கதவு உள்ள அலமாரிக்கு இதை விட்டது அநியாயம்.

சுவரோடு பிணைக்க எல் வடிவத் தகடு கொடுத்திருக்கிறார்கள். கூட வந்த பிளாஸ்டிக் பிளக் சுவர்ப்பூச்சைத் தாண்டிச் செங்கல்லை எட்டாது. ஹார்டுவேர் கடையில் நீளமானதாக வாங்க வேண்டும். அலமாரி முன்பக்கம் கவிழாமல் தடுப்பது அந்தத் தகடுதான், அது ஏறும்வரை புத்தகம் அடுக்கப் போவதில்லை.

பிறகு கதவுகள். கீலுக்கான 35 மி.மீ. குழி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. மாட்டிய பின் ஒரு திருகாணியால் கதவை இடவலமாகவும், இன்னொன்றால் முன்பின்னாகவும் நகர்த்தலாம். நடுவில் 2 மி.மீ. சந்து விட்டால் போதும் என்று நினைக்கிறேன்.